நரம்பு இழுக்கிறதா? மூட்டு மாற்று அறுவைக்குப் பின் காலில் ரத்த உறைவு

நம் சங்கத்துக் குடும்பங்களில் முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை இப்போது அரிதான செய்தியாக இல்லை. 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை மூட்டுகளுக்கு விலை உச்சவரம்பு விதித்தது. கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு, வரி நீங்கலாக, 54,720 ரூபாய் என்று அப்போது நிர்ணயித்தார்கள். செலவுக்குப் பயந்து வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தவர்களில் எனக்குத் தெரிந்த சிலர் அதன் பிறகுதான் துணிந்தார்கள். ஊரில் தனியாக இருக்கும் தாயாரையோ மாமியாரையோ தில்லிக்கு அழைத்து வந்து, இங்கே அறுவை முடித்து, தடி ஊன்றி நடக்கத் தொடங்கியதும் ரயிலேற்றி அனுப்பிவிடுவது நம்மிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கத்துக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்து ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் மருத்துவன் அல்லன். டிப்ளமா படித்து ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் வீட்டில் நான் செய்த ஒரு பிழைதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க வைத்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தமக்கைக்கு வயது 71. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருப்பவர். இந்தி ஒரு வார்த்தை தெரியாது. இடது முழங்காலை மாற்ற இங்கே அழைத்து வந்தோம். அறுவை நன்றாக முடிந்தது. மறுநாளே நடக்க வைத்தார்கள். நான்காம் நாள் இரவு என்னைக் கூப்பிட்டு, "தம்பி, கெண்டைச் சதைக்குள்ள நரம்பு இழுத்துப் பிடிக்குதுடா, கல்லு மாதிரி இருக்கு" என்றார். இரவுப் பணியில் இருந்த நர்ஸிடம் நான் என் இந்திப் புலமையைக் காட்டி, "நஸ் சட் கயீ ஹை" என்றேன். அந்தப் பெண் தலையாட்டிவிட்டு, வலி மாத்திரை ஒன்று கொடுத்துப் போனார். அவர் மேல் குற்றமே இல்லை. 'நஸ் சட் கயீ' என்றால் இந்திக்காரர்களுக்குச் சாதாரணமான சதைப்பிடிப்பு. ராத்திரி தூக்கத்தில் நமக்கெல்லாம் வருமே, அதுதான். என் தமக்கை சொன்னது வேறு, நான் சொன்னது வேறு, நர்ஸ் கேட்டது வேறு.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம். வலி போகவில்லை. என் மனைவி நல்லெண்ணெய் காய்ச்சி இரண்டு நாள் கெண்டைக்காலை மேலிருந்து கீழாக உருவிவிட்டார். எட்டாம் நாள் பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் அந்த எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. ஒரு நாடாவை எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் அளந்தார். அறுவை செய்த கால் 4 சென்டிமீட்டர் பெருத்திருந்தது. "நேற்று எவ்வளவு இருந்தது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பாலத்தின் தூணில் விரிசல் கண்டால் முதல் நாளே தேதி போட்டு அளந்து பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று முப்பத்தைந்து வருடம் மற்றவர்களை விரட்டியவன் நான்.

அன்று மாலையே டாப்ளர் ஸ்கேன் எடுத்தோம். முழங்காலுக்குப் பின்புறம் ஓடும் பெரிய சிரையில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது.

சொற்களால் வரும் குழப்பம்

இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டு போகும் குழாய் தமனி. இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது சிரை. மூளையிலிருந்து வரும் உணர்ச்சிக் கம்பிதான் நரம்பு. பள்ளிக்கூடத்தில் இப்படிப் படித்தாலும் பேச்சில் நாம் மூன்றையும் நரம்பு என்றே சொல்கிறோம். கையில் ஊசி போடவும் "நரம்பு" தேடுகிறோம், காலில் சிரை புடைத்துச் சுருண்டாலும் "நரம்புச் சுருட்டு" என்கிறோம். இந்தியின் 'நஸ்' என்ற சொல்லும் இதே கதைதான். ஆகவே நோயாளி சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தாலும் தவறு நேரும்.

இன்னொரு சொல் இதைவிட மோசம். ஸ்கேன் பார்த்த மருத்துவர் "கூன் கா தக்கா" என்றார். வீட்டில் நான் அதை "ரத்தக்கட்டு" என்று சொல்லிவிட்டேன். உடனே என் தமக்கை, "அட, இதுக்குத்தானா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? புளியும் உப்பும் கரைச்சுக் கொதிக்க வச்சுப் பத்துப் போட்டா கரைஞ்சு போயிடுமே" என்றார். அவரைச் சொல்லிப் பயனில்லை. நம் ஊரில் ரத்தக்கட்டு என்பது அடிபட்ட இடத்தில் தோலுக்கடியில் ரத்தம் கசிந்து கன்றிப்போவது. அதற்குப் பத்துப் போடலாம், உருவியும் விடலாம். நான் சொல்லும் நோயோ குழாய்க்குள்ளேயே ரத்தம் உறைந்து தக்கை போல நிற்பது. உருவிவிட்டால் அந்தத் தக்கை பெயர்ந்து ரத்தத்தோடு மேலே போகக்கூடும். எனவே இக்கட்டுரையில் ரத்த உறைவு என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன். வீட்டிலும் அப்படியே சொல்லிப் பழகுங்கள்.

ஏன் உறைகிறது?

காலிலிருந்து ரத்தம் நாலடி உயரம் மேலே ஏறி இதயத்துக்குப் போக வேண்டும். இதயம் தள்ளும் வேகம் காலுக்கு வந்து திரும்புவதற்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பிறகு யார் ஏற்றுகிறார்கள்? கெண்டைக்கால் சதைதான். நடக்கும்போது சதை சுருங்கிச் சிரையைப் பிழிகிறது, ரத்தம் மேலே போகிறது. போனது கீழே இறங்காமல் சிரைக்குள் சின்னஞ்சிறு கதவுகள் தடுக்கின்றன. பம்ப்செட்டில் நான்-ரிட்டர்ன் வால்வு செய்யும் வேலையேதான். இந்த வால்வுகள் இருப்பதை முக்கிய சான்றாக வைத்துத்தான் 1628இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி ரத்தம் வட்டமாகச் சுற்றி ஓடுகிறது என்று நிறுவினார். நடை நின்றால் பம்ப் நிற்கிறது. பம்ப் நின்றால் ரத்தம் வால்வு மடிப்புகளில் தேங்குகிறது. உறைவு பெரும்பாலும் அந்த மடிப்புகளில்தான் பிடிக்கத் தொடங்குகிறது.

தேக்கம் மட்டும் போதாது. குழாயின் உட்சுவர் காயப்படுவதும், ரத்தமே உறையும் தன்மை அதிகமாவதும் சேர வேண்டும். ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ 1856இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வளர்ந்த இந்த மூன்று காரணக் கணக்கை இன்றும் மருத்துவ மாணவர்கள் அவர் பெயரால் படிக்கிறார்கள். மூட்டு மாற்று அறுவையில் மூன்றும் ஒன்றாக வந்து சேர்கின்றன. ரத்தம் பெருகாமலிருக்கத் தொடையில் காற்றடைத்த பட்டையை இறுக்கிப் பல மருத்துவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ரத்த ஓட்டத்தை நிறுத்தி வைக்கிறார்கள். முழங்காலை முழுக்க மடக்கி, கணுக்கால் பக்கத்து எலும்பை முன்னால் தள்ளி அறுக்கும்போது பின்புறச் சிரை நெரிபடுகிறது. எலும்பை அறுத்த காயத்தை ஆற்ற உடம்பு தானாகவே உறையும் சக்தியைக் கூட்டிக்கொள்கிறது. அதன் பிறகு படுக்கை.

ஆகவே இது யாருடைய கவனக்குறைவாலும்தான் வரும் என்பதில்லை. தடுப்பு மருந்து எதுவும் கொடுக்காமல் இருந்த பழைய காலத்தில், மூட்டு மாற்றியவர்களுக்குச் சிரையில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது பாதிப் பேருக்கு ஏதோ ஒரு இடத்தில் உறைவு இருந்தது. பெரும்பாலானவை தொல்லை தராமல் கரைந்துவிடும் சின்ன உறைவுகள். மருந்தில்லாமல் விட்டால் 35 நாட்களுக்குள் வெளிப்படையான தொல்லை தருவது நூற்றுக்கு 4 பேருக்கு என்று 2012இல் அமெரிக்க நெஞ்சு மருத்துவர் கழகம் கணக்கிட்டது. தடுப்பு மருந்தால் இது பாதிக்கும் கீழாகக் குறைகிறது. குறைகிறதே தவிர இல்லாமல் போவதில்லை. என் தமக்கைக்கு ஊசியும் மாத்திரையும் ஒருவேளை கூடத் தவறவில்லை, ஆனாலும் வந்தது.

"இதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு வரும் நோய், நமக்கு வராது" என்ற பேச்சை நானும் கேட்டிருக்கிறேன். முன்பு மருத்துவர்களிடையேயும் அந்த எண்ணம் இருந்தது. 2005இல் வெளியான ஓர் ஆய்வில் சீனா, தாய்லாந்து, மலேசியா உள்ளிட்ட 7 ஆசிய நாடுகளில் இடுப்பு, முழங்கால் அறுவை செய்து தடுப்பு மருந்து பெறாதவர்களைச் சோதித்தபோது 100க்கு 41 பேருக்கு உறைவு இருந்தது. அந்த ஏழில் இந்தியா இல்லை. ஆனாலும் ஆசியர் என்பதால் தப்பிவிடுவோம் என்ற நம்பிக்கைக்கு அதோடு ஆதாரம் போய்விட்டது.

முன்பே ஒருமுறை உறைவு வந்தவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள், உடல் பருத்தவர்கள், நரம்புச் சுருட்டு உள்ளவர்கள், குடும்பத்தில் யாருக்காவது இது வந்திருப்பவர்கள் அறுவைக்கு முன்பே அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கேட்டால் சொல்லலாம் என்று இருக்கக் கூடாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

அறுவை செய்த கால் வீங்கத்தான் செய்யும், வலிக்கத்தான் செய்யும். சிரமமே அங்கேதான். பொதுவாக அறுவையின் வீக்கம் முழங்காலைச் சுற்றி இருக்கும். இரவு காலை உயர்த்தி வைத்துப் படுத்தால் காலையில் சற்று வடிந்திருக்கும். நாளுக்கு நாள் குறையும். உறைவின் வலியோ கெண்டைக்காலிலோ தொடையின் உட்புறத்திலோ இருக்கும். சதை கெட்டியாக, தொட்டால் சுடுகிறாற்போல, அழுத்தினால் வலிப்பதாக இருக்கும். தோல் சிவந்தோ கறுத்தோ போகலாம். வீக்கம் வடியாமல், குறைந்தது மறுபடி ஏறலாம். அறுவை செய்யாத காலிலும் உறைவு வரலாம் என்பதை மறக்க வேண்டாம். எந்த அறிகுறியும் இல்லாமலும் இருக்கலாம். பாதத்தை மேலே மடக்கி வலிக்கிறதா என்று பார்க்கும் பழைய சோதனையை நம்பி ஒரு முடிவுக்கும் வர முடியாது.

வீட்டிலிருப்பவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, முன்பக்க எலும்பில் ஒரு மேடு தட்டுப்படும். அதிலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டு, அந்த இடத்தில் தையற்காரர் நாடாவால் இரண்டு காலையும் தினமும் ஒரே நேரத்தில் அளந்து நோட்டில் எழுதுங்கள். மருத்துவர்கள் பொதுவாக 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதைக் கணக்கில் எடுக்கிறார்கள். அறுவை செய்த கால் எப்படியும் பெருத்திருக்கும் என்பதால் வித்தியாசத்தை மட்டும் வைத்து நோய் என்று சொல்லிவிட முடியாது. நேற்றைக்கு இன்று திடீரென்று ஏறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஏறியிருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். டாப்ளர் ஸ்கேன் வலியில்லாதது. கருவியை வைத்து அழுத்தும்போது நல்ல சிரை அமுங்கும், உறைவு உள்ள சிரை அமுங்காது. டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை அறுவைக்குப் பின் எல்லோருக்கும் கூடுதலாகவே காட்டும். அதை வைத்துப் பயப்படுவதில் அர்த்தமில்லை.

முழங்கால் அறுவையில் உறைவு பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வெளிப்படுகிறது. மூன்று மாதம் வரைக்கும் வரலாம். மருத்துவமனையில் இருப்பதோ நாலைந்து நாள். ஆகவே காவல் காக்க வேண்டிய காலத்தில் பெரும்பகுதி நம் வீட்டில்தான் கழிகிறது.

உறைவு பெயர்ந்தால் இடுப்பு வழியாகப் பெருஞ்சிரைக்குப் போய், இதயத்தின் வலப்பக்கத்தைக் கடந்து, நுரையீரல் தமனியில் போய் மாட்டும். பிரேக் போடாமல் சைடிங்கில் நிறுத்திய வாகன் உருண்டு மெயின் லைனுக்கு வந்துவிட்டாற்போலத்தான். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சு குத்துதல், படபடப்பு, மயக்கம், இருமலில் ரத்தம் - இவற்றில் எது வந்தாலும் வாயுப் பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்காமல் உடனே ஆம்புலன்ஸுக்குச் சொல்லி அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இது அரிது. ஆனால் உயிரை எடுப்பது இதுதான்.

மருந்துகள்

தடுப்புக்கு வயிற்றுத் தோலில் போடும் எனாக்ஸபாரின் ஊசி, ரிவரோக்ஸபான் அல்லது அபிக்ஸபான் மாத்திரை, ஆஸ்பிரின் ஆகியவற்றில் ஒன்றையோ ஒன்றன்பின் ஒன்றாகவோ கொடுக்கிறார்கள். குறைந்தது 10 முதல் 14 நாள், சிலருக்கு 35 நாள் வரை. ஆஸ்பிரின் போதுமா என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் வாதம் உண்டு. 2018இல் வெளியான கனடா ஆய்வில் முதல் 5 நாள் ரிவரோக்ஸபான் கொடுத்துப் பிறகு ஆஸ்பிரினுக்கு மாற்றியவர்களுக்கும் மாற்றாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2022இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்விலோ, ஆரம்பம் முதலே ஆஸ்பிரின் பெற்றவர்களில் 3.45 சதவீதத்தினருக்கும், எனாக்ஸபாரின் பெற்றவர்களில் 1.82 சதவீதத்தினருக்கும் 90 நாளுக்குள் உறைவு வந்தது. எது உங்கள் வீட்டு நோயாளிக்கு ஏற்றது என்பதை அறுவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எத்தனை நாள் என்பதை மட்டும் நீங்கள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வலி குறைந்ததும் இந்த மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிடும் வீடுகள் அதிகம்.

எனாக்ஸபாரின் பன்றியின் குடற்சவ்விலிருந்து எடுக்கப்படுவது. இதை ஏற்காதவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொன்னால் செயற்கையாகத் தயாரித்த மாற்று மருந்துகள் இருக்கின்றன.

உறைவு வந்துவிட்டால் அதே வகை மருந்தைக் கூடுதல் அளவில் பெரும்பாலும் மூன்று மாதம் தருகிறார்கள். மருந்து உறைவைக் கரைப்பதில்லை, வளராமல் தடுக்கிறது. கரைக்கும் வேலையை உடம்பே மெல்லச் செய்துகொள்ளும். வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற பழைய வகை மாத்திரை என்றால் ஐ.என்.ஆர். பரிசோதனை அடிக்கடி செய்து 2க்கும் 3க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக வந்தது உண்மைதான். 1954 முதல் மனிதர்களுக்கும் அதுவே மருந்தாயிற்று. அளவுதான் வித்தியாசம். இந்த மாத்திரை சாப்பிடுபவர் கீரையை விட்டுவிட வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும் கீரை, மறுவாரம் ஒன்றுமே இல்லை என்று இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எந்த மருந்தானாலும் ஈறில் ரத்தம், மூக்கில் ரத்தம், கறுத்த மலம் கண்டாலோ, தலையில் அடிபட்டாலோ உடனே தெரிவிக்க வேண்டும். மூட்டுவலிக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்த டைக்ளோஃபெனாக் மாத்திரையைத் தாமாக எடுத்துக்கொள்வதும், சூரணம், லேகியம் சேர்ப்பதும் ஆபத்து. டப்பாவோடு மருத்துவரிடம் காட்டுங்கள்.

ரயில் பயணம்

தமக்கைக்கு அறுவை முடிந்த பதினெட்டாம் நாளுக்கு நான் டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னைக்கே சுமார் 33 மணி நேரம், பிறகு கும்பகோணம். லோயர் பெர்த் கிடைத்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். கால் மடக்கி உட்கார்ந்து, கழிப்பறைக்குப் போக அஞ்சித் தண்ணீர் குடிக்காமல் ஒன்றரை நாள் போவது, விர்ஷோவின் மூன்று காரணங்களில் தேக்கத்தையும் ரத்தம் கெட்டிப்படுவதையும் டிக்கெட் போட்டு வரவழைப்பதாகும் என்று பிறகுதான் புரிந்தது. குறைந்தது 6 வாரம் நீண்ட பயணம் வேண்டாம் என்று பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். நீண்ட விமானப் பயணத்தை 3 மாதம் தள்ளிப்போடச் சொல்பவர்களும் உண்டு. மருத்துவர் நாள் சொன்ன பிறகே டிக்கெட் எடுங்கள்.

படுக்கையில் இருக்கும்போதே கணுக்காலை மேலும் கீழுமாக மணிக்கொரு முறை இருபது தடவை ஆட்டச் சொல்லுங்கள். பம்ப் ஓட அதுவே போதும். வீட்டுக்குள் சிறு சிறு நடை. தண்ணீர் தாராளமாக. இறுக்கமான காலுறையை மருத்துவர் சொன்னால் மட்டும், அவர் சொன்ன அளவில் போடுங்கள். உறைவுக்குச் சிகிச்சை பெறும்போதும் மருத்துவர் அனுமதித்தால் நடக்கலாம்.

இந்தி தெரியாத பெரியவர்கள் மருத்துவமனையில் தனியாக இருக்க நேர்ந்தால் கீழ்க்கண்ட வாக்கியங்களை இந்தி எழுத்தில் ஒரு அட்டையில் எழுதித் தலையணைக்கடியில் வையுங்கள். 'பிண்ட்லி மே சூஜன் ஹை' - கெண்டைக்காலில் வீக்கம். 'பிண்ட்லி தபானே பர் தர்த் ஹோத்தா ஹை' - கெண்டைக்காலை அழுத்தினால் வலிக்கிறது. 'அசானக் சாஸ் ஃபூல் ரஹீ ஹை' - திடீரென்று மூச்சு வாங்குகிறது. 'கூன் கா தக்கா தோ நஹீ?' - ரத்த உறைவாக இருக்குமோ? விரலால் இடத்தைத் தொட்டுக்காட்டவும் சொல்லிக்கொடுங்கள். 'நஸ்' என்ற சொல் அந்த அட்டையில் வேண்டாம்.

என் தமக்கை நான்காம் மாதம் ஊர் போனார். மருத்துவர் கொடுத்த தாள்களின் பிரதியையும், அந்த அட்டையையும், என் நாடா அளவு நோட்டையும் சுருக்குப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டார். அட்டையில் இந்திக்குக் கீழே தமிழிலும் எழுதச் சொன்னார், பக்கத்து வீட்டு அம்மாளுக்கு அடுத்த மாதம் தஞ்சாவூரில் இதே அறுவையாம்.